அளவுக் கம்பைப் பிடித்து நின்றவர்

கடலே இல்லாத துறைமுகம் ஒன்று ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருக்கிறது. சென்னையில் கப்பலிலிருந்து இறக்கிய சரக்கை அங்கே கொண்டுவந்து வைத்து, சுங்கச் சோதனை முடிந்ததும் வெளியே விடுவார்கள். பெரும்பாலும் இரும்புப் பெட்டிகள்தான் வரும். சில நாள் பெட்டிக்குள் அடங்காத இயந்திரங்கள் வரும். அவற்றை லோ பெட் என்கிற தாழ்ந்த தட்டு வண்டியில் ஏற்றி, போகவேண்டிய இடம்வரை கொண்டு சேர்ப்பது நான் வேலை பார்த்த கம்பெனியின் தொழில். வண்டி புறப்படுவதற்கு முன்பே அந்த வழி முழுக்கப் போய் அளந்துவருவது என் வேலை. டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த என்னை எடுத்தபோது, “வெயில்ல நிப்பியாமா?” என்பதை மட்டும்தான் கேட்டார்கள்.

நான் அளப்பவை: ஊர் வளைவுகளின் உயரம், குறுக்கே போகும் மின்கம்பிகள், பாலத்தின் அகலம், திருப்பத்தில் துருத்தி நிற்கும் வீட்டுச் சுவர், சாய்ந்த புளியமரக் கிளை. எல்லாவற்றையும் வரிசை எண் போட்டு எழுதுவேன். எனக்குப் பட்டியல் பிடிக்கும். எங்கள் உத்திரமேரூரில் பொறுப்புக்கு வரத் தகுதியில்லாதவர்கள் யார் யார் என்று அந்தக் காலத்திலேயே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப்போய்க் காட்டியபோது மற்றப் பிள்ளைகள் நிழலுக்கு ஒதுங்கிவிட்டார்கள். நான் டீச்சர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். அதில் இன்னும் ஒரு வரி சேர்த்திருக்கலாம் என்று இப்போது நினைப்பதுண்டு. படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவன்.

என் மேலாளர் அப்படிப் போடுகிறவர். அறிக்கையின் மூலையை மட்டும் தூக்கி, கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடுவதற்குள் அடுத்த போனை எடுத்துவிடுவார். அவரை எனக்கு வேலையில் சேர்வதற்கு முன்பே தெரியும். அவருக்குத்தான் என்னைத் தெரியாது.

என் அப்பா லோ பெட் ஓட்டியவர். நான் பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம் படிக்கும்போது, வேறொரு கம்பெனியில், இதே மேலாளருக்குக் கீழே ஒரு கொதிகலனை ஏற்றிக்கொண்டு போனார். வழியில் ஒரு ஊர் வளைவு. அந்தச் சாலைக்குப் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுத் தாரைக் கொட்டுவது நம் பக்கத்து வழக்கம். ஒவ்வொரு முறையும் சாலை நாலு விரல் மேலே வரும். வளைவு இருந்த இடத்திலேயே நிற்கும். அப்பா வண்டியை நிறுத்தி, “சார், ரோடு புதுசா கீது. அளந்து பாத்தீங்களா?” என்று கேட்டிருக்கிறார். “பழைய ரிப்போர்ட்ல ஓகேயா. நீ ஓட்டு” என்று பதில் வந்தது.

வளைவின் உச்சியில் இருந்த சுதைக் குதிரையின் முன்னங்கால்கள் இரண்டும் உடைந்து விழுந்தன. ஊர்க்காரர்கள் கூடிவிட்டார்கள். மேலாளர் காரிலிருந்து இறங்கவில்லை. கண்ணாடியை நாலு விரல் இறக்கி, “டிரைவர் குடிச்சிட்டு ரூட்ட மாத்திட்டான்” என்றார். அப்பா குடிப்பதில்லை. அவருடைய வண்டியிலிருந்தே சரக்குக் கட்டும் பெல்ட்டை எடுத்து, அவரை வளைவின் தூணோடு சேர்த்துக் கட்டினார்கள். காலை ஒன்பதரையிலிருந்து மாலை மூன்றரை வரை. ஆறு மணி நேரம். சாயங்காலம் அவிழ்த்துவிட்டபோது, இன்சூரன்ஸ் பேப்பர் என்று சொல்லி மேலாளர் ஒரு ஆங்கிலக் காகிதத்தை நீட்டினார். அப்பா கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்ததும் அதன் நகலை நான்தான் படித்தேன். ‘மேலாளர் சொன்ன வழியை மீறி, என் சொந்த முடிவில் இந்த வழியாக வந்தேன்’ என்று இருந்தது.

அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியும் அவர் கையில் ஸ்டியரிங்கைக் கொடுக்கவில்லை. செங்கல் சூளைக்கு டிராக்டர் ஓட்டினார். துறைமுகத்துக்கு வெளியே டிரைவர்கள் கூடும் டீக்கடையில் அவருக்கு ஒரு பெயர் வைத்தார்கள். “இன்னா வளைவு, டீயா?” என்பார்கள். தெரியாதவர்கள்கூட அது அவருடைய சொந்தப் பெயர் என்று நினைத்துக் கூப்பிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்த்தார். நான் அங்கே ஒருநாள் அவரோடு நின்றிருந்தேன். அவர் திரும்பிப் பார்த்த விதம்தான் என்னால் பொறுக்க முடியாமல் போனது.

அன்று நோட்டில் எழுதியது இது. ஒன்று, அந்த ஆள் ஒரு வளைவுக்கு முன்னால் நிற்க வேண்டும். இரண்டு, பகலில், ஊர் பார்க்க. மூன்று, அந்தக் காகிதம் பொய் என்று அவர் கையாலேயே எழுத வேண்டும்.

மேலாளர் கம்பெனி மாறியதைக் கேள்விப்பட்டு அங்கேயே விண்ணப்பித்தேன். ஒன்றரை வருஷம் ஒழுங்காக வேலை பார்த்தேன். அவர் என்னை “யம்மா” என்று கூப்பிடுவார். என் அப்பா பெயரை ஒருநாளும் கேட்கவில்லை. டிரைவர்களை அவர் வண்டி எண்ணால்தான் ஞாபகம் வைத்திருந்தார்.

போன வருஷம் மரம் வெட்டும் இயந்திரம் ஒன்று வந்தது. மரத்தை நின்ற நிலையில் பிடித்து, அறுத்து, கிளை கழித்து, பட்டை உரித்து, துண்டு போட்டு அடுக்கிவிடும். ஆள் உயரத்துக்குச் சக்கரங்கள், மடக்கி வைத்த வெட்டுக்கிளிக் கால் மாதிரி ஒரு கை. சாலவாக்கத்தைத் தாண்டி ஒரு தைல மரத் தோப்புக்கு அது போக வேண்டும். லோ பெட்டில் ஏற்றினால் தரையிலிருந்து மொத்த உயரம் நாலு மீட்டர் எண்பது.

வழி அளக்கப் போனபோது என்னோடு வந்தவர், மின்கம்பிகளைக் கம்பால் தூக்கிவிட்டு வண்டிக்கு வழி விடும் தொழிலாளி. அப்பாவின் பழைய கூட்டாளி. நான் யார் என்று கம்பெனியில் தெரிந்த ஒரே ஆள். மாமா என்று கூப்பிடுவேன். தோப்புக்குப் போக இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, மெயின் ரோட்டிலிருந்து பிரியும் ஊர்ச்சாலை. அதன் முடிவில் ஒரு வளைவு. இன்னொன்று, ஏரிக்கரை வழியாகச் சுற்றிப் போவது. வளைவின் அடியில் அளவுக் கம்பை நிறுத்தினேன். மீட்டர் குறித்த, நீட்டி மடக்கும் கம்பு அது.

“எவ்ளோ பாப்பா?”

“நாலு எண்பத்தாறு, மாமா.”

“மிசினு நாலு எம்பது. ஆறு செண்டிமீட்டர்ல வெரலு போவும், வண்டி போவாது. பழைய புக்குல எவ்ளோ போட்டுக்கீது?”

“அஞ்சு மீட்டர் அஞ்சு. நடுவுல ரெண்டு தடவ ரோடு போட்டிருக்காங்க.”

“அப்ப ஏரிக்கரைதான். ஒம்போது எடத்துல ஒயரு கீது, நான் தூக்கி உட்டுக்கினே வரேன்.”

எங்கள் விதிப்படி பதினைந்து சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். நான் உட்கார்ந்து அறிக்கையை எழுதினேன். மாமா எட்டிப் பார்த்தார்.

“அத்த ஏன் ரெண்டாம் பக்கத்துல போடற? மொத பக்கத்துல பெரிசா எழுது. அந்த ஆளு பக்கத்த பொரட்ட மாட்டான்.”

“தெரியும் மாமா.”

அவர் பீடியைப் பற்றவைக்காமலே கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். “அடிப்பாவி” என்றார். பிறகு, “டிரைவரு?”

“வளைவுக்கு முப்பது மீட்டர் முன்னாலயே கொடி காட்டி நிறுத்திடுவேன். வண்டிக்கும் வளைவுக்கும் ஒரு கீறல் விழாது. அவருக்கும் விழாது.”

அதை நாலாவது வரியாக நோட்டில் எழுதினேன். ஐந்தாவதாக, வேலை போகும் என்று எழுதினேன்.

அறிக்கையை ஆங்கிலத்தில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாகக் கொண்டுபோய் மேலாளர் மேசையில் வைத்தேன்.

“தமிழ்ல எதுக்கும்மா?”

“டிரைவருக்குப் புரியணும் சார்.”

“ஆமா, அவனுங்க படிச்சிட்டுதான் ஓட்டப் போறானுங்க.”

“ஒவ்வொரு பக்கத்துலயும் போடணும் சார்.”

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மூலை மூலையாகப் போட்டார். எட்டுக் கையெழுத்து. ஒரு வரியைக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த வாய்ப்பை அவருக்கு நான் எட்டு முறை கொடுத்தேன்.

வண்டியை முதல் நாள் ஓரிக்கைப் பக்கம் நிறுத்தியிருந்தோம். விடிந்ததும் மேலாளர் டிரைவரிடம், “வளைவு வழியா உள்ள போயிடு. ஏரிக்கரைல ஒயர தூக்கிட்டு எவன் நிக்கறது?” என்றார். டிரைவர் என்னைப் பார்த்தார். “நான் கொடி காட்டுனா நின்னுடுங்கண்ணா” என்று மட்டும் சொன்னேன். பாலாற்றுப் பாலத்தை ஆள் நடக்கும் வேகத்தில் தாண்டினோம். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் டீ கிளாஸோடு ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். “யோவ், இது மரத்த வெட்டுமா, ஊர வெட்டுமா?” என்று ஒருவர் கத்த, வண்டிமேல் நின்றிருந்த மாமா, “பாத்துக்கினே நில்லு, ஒன்னத்தான் மொதல்ல உரிக்கும்” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நோட்டை மடியில் வைத்திருந்தேன்.

எட்டரைக்கு ஊர்ச்சாலையில் நுழைந்தோம். இரண்டு பக்கமும் வாய்க்கால். இருபத்தொரு மீட்டர் வண்டி அதில் நுழைந்தால் திரும்ப இடம் கிடையாது. வந்த வழியே பின்னால் எடுக்க வேண்டும், ஒரு கிலோமீட்டருக்கு மேல். வளைவு தெரிந்ததும் இறங்கி ஓடிப்போய்ச் சிவப்புக் கொடியை நீட்டினேன். வண்டி நின்றது. பின்னால் பால் வண்டி நின்றது. அதற்குப் பின்னால் டவுன் பஸ். ஊருக்குள் பஸ் வர அது ஒன்றுதான் சாலை.

மேலாளர் தன் காரில் வண்டிக்கு முன்னால் வந்திருந்தார். கண்ணாடி இறங்கியது. “என்னம்மா?”

“போவாது சார். ஆறு சென்டிமீட்டர்தான் இருக்கு.”

“போன வருஷம் நம்ம வண்டி போச்சே.”

“அதுக்கப்புறம் ரோடு போட்டாங்க சார்.”

கால் மணி நேரத்தில் ஊர் திரண்டுவிட்டது. தோளில் துண்டு போட்ட ஒருவர் முன்னால் வந்தார். “இன்னாயா இது? இத்த யாரு இங்க உட்டது? பஸ்ஸு எப்டி வரும்?”

மேலாளர் இறங்கவில்லை. கண்ணாடியை நாலு விரல் இறக்கினார். அந்த நாலு விரல் இடைவெளியை அதுவரை நான் பார்த்ததில்லை, அப்பா சொல்லிக் கேள்விப்பட்டிருந்தேன். “டிரைவர் ரூட் தெரியாம வந்துட்டான். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க” என்றார்.

சொல்லி முடிப்பதற்குள் நாலைந்து பேர் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்கள். ஒருவர் கை அவர் சட்டையைப் பிடித்துவிட்டது. நாலாவது வரி என் கண் முன்னால் அழிந்துகொண்டிருந்தது. வண்டியின் முன்பக்கம் உயர்ந்திருக்கும் கழுத்துத் தட்டில் ஏறி, தமிழ் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தை என்னிடம் இருந்த குரல் முழுவதையும் போட்டுப் படித்தேன்.

“வரிசை எண் ஏழு. இந்த வளைவு வழியாக வண்டி போகக் கூடாது. சாலை உயர்த்திப் போடப்பட்டதால் வளைவின் உயரம் நாலு மீட்டர் எண்பத்தாறாகக் குறைந்துவிட்டது. ஏரிக்கரைச் சாலை வழியாகவே போக வேண்டும். கீழே மேலாளர் கையெழுத்து.”

சட்டையைப் பிடித்த கை விட்டது. துண்டுக்காரர் காகிதத்தை வாங்கி, காரின் கண்ணாடிமேல் வைத்து அழுத்தினார்.

“யார் கையெழுத்து இது?”

மேலாளர் போனை எடுத்துக் காதில் வைத்தார்.

“ஒன்னத்தான் கேக்கறேன். கீய எறங்கு. யாருது?”

மேலாளர் இறங்கினார். “என்னுதுதான்.”

“படிச்சிட்டுதான போட்ட?”

“அது… நெறய பேப்பர் வரும்…”

“படிக்காதயே போட்டியா? போட்டுட்டு அந்தாள கை காட்டற? இந்த மாரி எத்தினி ஊர்ல காட்டிக்கினு கீற?”

எனக்கு விடை தெரியும். மேலாளர் காருக்குள் ஏறப்போனார். ஒருவர் கதவில் சாய்ந்துகொண்டு, “வண்டி போனாதான் நீ போவ” என்றார். யாரோ வண்டியில் தொங்கிய பெல்ட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். அதை நான் பார்த்தேன். ஒரு நிமிடம் சும்மா இருந்தேன். அந்த ஒரு நிமிடத்தையும் மறைக்க விரும்பவில்லை.

பிறகு அளவுக் கம்பை எடுத்துப்போய் அவரிடம் நீட்டினேன். “சார், வண்டிய பின்னால எடுக்கற வரைக்கும் வளைவுத் தூண்கிட்ட ஒரு ஆளு கம்பு புடிச்சிக்கினு நிக்கணும்.”

அப்படி ஒரு விதி கிடையாது. மாமா முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல், “ஆமா சார், கண்டிப்பா நிக்கணும். நேரா புடிங்க, சாயக் கூடாது” என்றார். மேலாளர் தூணை ஒட்டிக் கம்பைப் பிடித்து நின்றார். ஒன்பது மணி வெயில் அந்தப் பக்கம்தான் விழுந்தது.

பால் வண்டி காத்துப் பார்த்துவிட்டு, பஸ்ஸைப் பின்னால் தள்ளச் சொல்லி, பால் எடுக்காமலே அடுத்த ஊருக்குப் போய்விட்டது. கேனோடு நின்றிருந்த ஒரு பெண் என்னிடம் வந்தாள். என் வயதுதான் இருக்கும்.

“அன்னிக்கி நீதான கம்பு வெச்சி அளந்துக்கினு இருந்த?”

“ஆமா.”

“அப்ப போவாதுன்னு ஒனுக்குத் தெரியும். தெரிஞ்சிக்கினே எதுக்கு உள்ள உட்ட? எங்க பாலு ஒன்ன இன்னா பண்ணிச்சி?”

என் பட்டியலில் பால் இல்லை. வண்டி, வளைவு, டிரைவர் எல்லாம் இருந்தன. பால் கெடும் என்று எழுதியிருக்கவில்லை. அவள் கேனைத் தூக்கிக்கொண்டு போனாள். திரும்பிப் பார்த்து, “நீயும் அவன் மாரிதான்” என்றாள். அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

தடைப்பட்ட இடத்திலிருந்து வண்டியை நகர்த்த நகர்வுச் சீட்டில் என் கையெழுத்து வேண்டும். இது உண்மையான விதி. பத்து மணிக்கு மேலாளர், “யம்மா, வண்டிய எடுக்கச் சொல்லு” என்றார். நான் சீட்டோடு ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுபோனேன். எந்த ஊர் வளைவு, எந்தக் கொதிகலன், எந்த டிரைவர் என்று சொன்னேன். வழியைத் தீர்மானித்தது யார் என்று எழுதச் சொன்னேன்.

கம்பைப் பிடித்தபடியே என் பக்கம் திரும்பினார். “நீ அவன் பொண்ணா?”

“அவரு பொண்ணு.”

“இது மிரட்டல்.”

“ஆமா சார்.”

வேறு பெயர் வைக்க எனக்கு விருப்பமில்லை. வேலையிலிருந்து தூக்கிவிடுவேன் என்றார். அதற்கும் ஆமா என்றேன். பதினொன்றரை வரை மறுத்தார். ஊர் தூணைச் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. “கம்பு சார், தண்ணி வேணுமா?” என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெயர் அங்கேயே ஒட்டிக்கொண்டது. கடைசியில் கையை நீட்டினார். மாமா கம்பை வாங்கிக்கொண்டு, “நான் ஒரு நிமிசம் புடிக்கறேன் சார். நீங்க நிதானமா எழுதுங்க. எழுத்து நல்லா இருக்கணும்” என்றார்.

தூணின்மேல் தாளை வைத்து எழுதினார். ஐந்து வரி. எழுதியதை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். ஒன்றரை வருஷத்தில் அவர் ஒரு காகிதத்தைப் படித்து நான் பார்த்தது அப்போதுதான். திரும்பவும் கம்பை வாங்கிக்கொண்டார். நான் நகர்வுச் சீட்டில் கையெழுத்துப் போட்டேன். வண்டி மெயின் ரோட்டை எட்டிவிட்டது என்று செய்தி வரும்வரை அவரை நகர விடவில்லை. மணி பன்னிரண்டேகால்.

அந்த வாரமே என்னை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

அப்பா அந்தத் தாளை விரலை வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். முதலில் கேட்டது டிரைவரைத்தான்.

“அவன எவனாச்சும் கை வெச்சானா?”

“சட்டைய புடிச்சாங்க நைனா. அவ்ளோதான்.”

“ரிவர்சு எத்தினி நேரம் எடுத்தான்?”

“முக்கா மணி நேரம்.”

“நானா இருந்தா அரை மணி.” தாளை மடித்தார். “அந்தாளு எத்தினி நேரம் நின்னான்?”

“மூணேகால்.”

“என்னிய ஆறு” என்றார்.

மீதி இரண்டே முக்கால். அதை நான் மன்னித்ததாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தாளைப் பத்து நகல் எடுத்து லேமினேஷன் போட்டேன். ஒன்றைத் துறைமுகத்துக்கு வெளியே டீக்கடைக் கண்ணாடியில் ஒட்டினேன். கடைக்காரர் படித்துவிட்டு, அப்பாவுக்கு டீயை நீட்டும்போது என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் சும்மா நீட்டினார். ஒன்றை அப்பாவின் பழைய கம்பெனி கேட்டில் ஒட்டினேன். மற்றவற்றை லோ பெட் வண்டிகள் நிற்கும் இடங்களில் ஒட்டினேன்.

கடைசி நகலை அப்பா தானே வைத்துக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன்னைக் கட்டிவைத்த அந்த வளைவுக்கு என் ஸ்கூட்டரின் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போகச் சொன்னார். குதிரைக்குப் புதுக் கால்கள் வைத்து நீலம் அடித்திருந்தார்கள். கடை வாசலில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் அவரை அடையாளம் கண்டுகொண்டு எழுந்தார்கள். கிட்டே வரவில்லை. நான் தூணில் தலை உயரத்தில் பசை தடவினேன்.

“அங்க வாணாம்” என்றார் அப்பா. தூணில் முதுகைச் சாய்த்து நின்று, நெஞ்சுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினார். “பெல்ட்டு இங்கதான் இருந்திச்சி. இங்க ஒட்டு.”

அங்கேயே ஒட்டினேன். டேப்பை எடுத்து அளந்தேன். தரையிலிருந்து ஒரு மீட்டர் பத்து. நோட்டில் எழுதிக்கொண்டேன்.